காடாறு மாதம், நாடாறு மாதம்

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் அன்றைக்குத் தையல் மிஷின் சத்தம் ஓயாது. சிற்பத் தூண்களுக்கு நடுவே பாத்திரக் கடை, வளையல் கடை, அவற்றை ஒட்டிப் புத்தகக் கடை. பஞ்சாங்கம், அல்லி அரசாணி மாலை, மதனகாமராஜன் கதை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை எல்லாம் அடுக்கியிருக்கும். சோழவந்தான் பக்கத்து எங்கள் சனம் சித்திரைத் திருவிழாவுக்கு வந்தால் அதில் ஒன்றை வாங்காமல் பஸ் ஏறாது. அந்தத் திருவிழாவுக்கு மதுரை மக்கள் சொல்லும் கதையும் லேசுப்பட்டதல்ல. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு மலையைவிட்டுக் கிளம்பிய அழகர், தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கேட்டு வைகையோடு திரும்பிவிடுகிறார். போன காரியம் நடக்காததை லட்சக்கணக்கில் கூடிக் கொண்டாடுகிற ஊர் இது. ராஜகுமாரன் போனான், வென்றான், மணந்தான் என்கிற கதை மட்டும் இங்கே யாருக்கும் போதாது.

எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ராத்திரி விளக்கடியில் விக்கிரமாதித்தன் கதையை நான்தான் வாசிப்பேன். எத்தனை தடவை வாசித்தாலும் பட்டி வரம் வாங்கும் இடம் வந்தால் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, "மெதுவாப் படிய்யா" என்பார்.

காளி விக்கிரமாதித்தனுக்கு ஆயிரம் வருஷம் அரியணையில் இருக்க வரம் கொடுக்கிறாள். தம்பியும் மந்திரியுமான பட்டி இரண்டாயிரம் கேட்கிறான். அண்ணன் தலையைக் கொண்டுவா என்கிறாள் காளி. கொண்டுவந்து வைத்து வரத்தை வாங்கிக்கொண்டு பட்டி சிரிக்கிறான்: ஆயிரம் வருஷம் என்று நீ சொன்னவன் இன்றைக்கே செத்துவிட்டானே, உன் வாக்கை எப்படி நம்புவது? வேறு வழியில்லாமல் காளி அண்ணனை எழுப்பித் தருகிறாள். அதோடு விடவில்லை. ஆயிரம் வருஷம் என்றது அரியணையில் இருக்கும் காலத்துக்குத்தானே? ஆறு மாதம் நாட்டிலும் ஆறு மாதம் காட்டிலும் இருந்தால் ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். வரம் என்றால் என்ன, தெய்வம் எதற்குக் கட்டுப்படும் என்கிற கதைச் சட்டம் மொத்தத்தையும் கேட்பவருக்குத் தெரிந்த பிறகுதான் இந்த விளையாட்டு ருசிக்கும். அப்பத்தாவுக்கு அது அத்துபடி.

பள்ளிக்கூடத்தில் அந்தப் புத்தகத்தோடு அகப்பட்டால் அடி விழும். ராஜா ராணிக் கதை படிப்பவன் உருப்பட மாட்டான் என்பார்கள். இன்றைக்கு அதே குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கில மாயக்கதைகளை நூற்றுக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கித் தந்து, படி படி என்று கெஞ்சுகின்றன. வாங்கித் தருவதில் எனக்கு முழுச் சம்மதம். அந்தக் கதைகளை நானும் ஆசையாகப் படிக்கிறேன். டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய 'ஹவ்ல்ஸ் மூவிங் கேஸில்' எனக்கு மிகவும் பிடித்தது. மியாசாகி அதை 2004இல் படமாக எடுத்தார். மூன்று பெண்களில் மூத்தவள் சோஃபி. மூத்த பிள்ளை கிளம்பினால் காரியம் உருப்படாது என்பது அந்த நாட்டுக் கதைச் சட்டம். அவளும் அதை நம்புகிறாள். ஒரு சூனியக்காரி அவளைக் கிழவியாக்கிவிட, கிழவிக்கு வாய் திறக்கிறது. நாடே நடுங்கும் மந்திரவாதி ஹவ்லோ முடிச்சாயம் நிறம் மாறியதற்கு வீடு முழுக்கப் பச்சைச் சளியாக ஒழுகவிட்டு அழுகிறான். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டிதான் ஜெயிப்பான் என்று கேட்டு வளர்ந்த நம் ஆட்களுக்கு இது உடனே பிடிபடும். கேட்காமல் வளர்ந்த பிள்ளைக்குப் பாதிச் சிரிப்பு போய்விடுகிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

புதுமண்டபக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. என் தங்கை மகள் சோஃபியைப் படித்து முடித்ததும், அவளிடம் விக்கிரமாதித்தனைக் கொடுத்தேன். பட்டியைப் படித்துவிட்டு, "மாமா, இவன்தானே ஹீரோ? ஏன் அட்டையில ராஜா பேரு?" என்று கேட்டாள். இப்போது விக்கிரமாதித்தன் சிம்மாசனப் படிகளில் நிற்கும் அடுத்தடுத்த பதுமைகளிடம் வந்திருக்கிறாள். போஜராஜன் ஒவ்வொரு படியாக ஏறப் பார்க்கிறான், ஒவ்வொரு பதுமையும் கதை சொல்லித் தடுக்கிறது. ஆனால் பழைய அச்சில் ஒரு வாக்கியம் பக்கக்கணக்கில் ஓடுவதால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. நான் பென்சிலால் வாக்கியம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லை மாற்றாமல், பத்தியும் நிறுத்தக்குறியும் மட்டும் சேர்த்து, அந்தப் பெரிய எழுத்திலேயே மறுபடி அச்சிடுங்கள் என்று தெரிந்த பதிப்பாளர்களிடமெல்லாம் கேட்டுவருகிறேன்.