அடைமழைக்கு ஆயில் இன்ஜினைக் கிடத்துதல்: ஓர் ஆய்வு

கிடத்துதல் என்பது, ஓடாத ஆயில் இன்ஜின் மேலும் கெடாதபடி ஐப்பசி முதல் தை வரை அதைக் காத்து வைக்கும் கலை. ஓடும் இன்ஜினையும் கிடத்தலாம் என்றாலும், மரக்காணம் உப்பளக் கரையில் அதற்கு எடுத்துக்காட்டு அரிது. நன்றாக ஓடுவதை யாரும் துடைத்துக்கூட வைப்பதில்லை. எண்ணெய், துணி, அக்கறை மூன்றும் பழுதுற்றதற்கே வாய்க்கின்றன.

துறையின் தொன்மை தெளிவாக இல்லை. சங்க காலத்து எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனால் அவ்வூரைக் குறிப்பிடும் சிறுபாணாற்றுப்படை ஆயில் இன்ஜின் விஷயத்தில் மௌனம் சாதிக்கிறது. ஆகவே 1946-இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் தோன்றியதற்குப் பிந்திய வழக்கம் இது என்று கொள்வதே பாதுகாப்பு.

குளிர்நாட்டு நூல்கள் இப்பொருளை உறைபனியிலிருந்து தொடங்கும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருத்து, உள்ளே தேங்கியிருந்தால் இன்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். மார்கழியிலும் மரக்காணத்தில் அதற்கு வாய்ப்பில்லை என்பதால் அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம். இங்கே எதிரி உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கசியும். உப்பு வாரியபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரின் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அளத்துக் காற்று பட்ட இரும்பு, வெயில் காயும்போதும் ஈரமாகவே இருக்கிறது. மழை அந்த வேலையை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே.

எனவே முதல் விதி இடப்பெயர்வு. இன்ஜினை அளத்திலிருந்து ஏற்றி, இரும்பை என்னும் ஊர் போன்ற செம்மண் மேட்டூருக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அத்தகைய நாளில் இன்ஜினைத் தேடிக்கொண்டு அளத்துக்குப் போவது உசிதமன்று. மாட்டுக் கொட்டகையும் தகாது. கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா பித்தளை உறுப்புகளைப் பதம் பார்க்கும். மாடுகளின் கருத்து பதிவாகவில்லை.

அடுத்தது பழுதின் இனம் காணல். ஆயில் குச்சியை உருவிப் பார்க்கையில் ஆயில் பால் விட்ட டீயின் நிறத்தில் இருந்தால், தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். குளிர்விக்க உப்புநீரையே விட்டிருந்தால் அது சிலிண்டருக்குள்ளும் புகுந்திருக்கும். இந்நிலையில் ‘தை பிறந்தா பாத்துக்கலாம்’ என்னும் பரவலான கோட்பாடு செல்லாது. மூன்று மாதத்தில் ரிங்குகள் லைனரோடு துருவால் ஒட்டி, கேஸ்கட் செலவு போரிங் செலவாக வளரும். ஹெட்டை இப்போதே கழற்றித் துடைத்தாக வேண்டும். முழுச் செம்புத் தகட்டாலான கேஸ்கட் என்றால், சேதமில்லாதபோது சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தி மறுபடி போடலாம். பிளந்ததைச் செம்பால் பிடித்து நிறுத்துவது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று: இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலில் சித்தர் ஒருவரின் சாபத்தால் மூன்றாகப் பிளந்த லிங்கம் செப்புத் தகட்டால் பிணைக்கப்பட்டதாகத் தல வரலாறு கூறும். ஆயினும் சாபத்தால் வந்த விரிசலையும் தண்ணீர் இல்லாமல் ஓட்டியதால் வந்த விரிசலையும் ஒன்றாக வகைப்படுத்துவது முறையாகாது.

பின்பு ஆயில். டீசலின் கந்தகத்தால் பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அதை வடித்துப் புதிது விட வேண்டும். தண்ணீரையும் முற்றாக வடிக்க வேண்டும். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றிப் பரவவிட்டபின், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்த வேண்டும். சைலன்சர் வாயை எண்ணெய்த் துணியால் அடைப்பது எலிக்காக. டேங்க் பற்றி இரு நோக்கு உண்டு. நிரப்பி வைத்தால் ஈரக் காற்றுக்கு இடமிராது. அண்டை வீட்டு டிராக்டருக்கு டீசல் இருக்கும். காலியாக வைத்தால் முறை மாறும்.

போர்த்துவதில் தார்ப்பாய்ப் பிரிவும் கோணிப் பிரிவும் நெடுங்காலமாக மோதுகின்றன. தார்ப்பாயைத் தரைவரை இறுக்கிக் கட்டினால் மண்ணின் ஆவி உள்ளேயே வியர்த்து நிற்கும். வெறும் கோணி நனைந்தால் காய நாளாகும். பலகை மேல் தூக்கி வைத்து, தார்ப்பாயைக் கூரைபோல் பிடித்து அடியில் காற்றோட விடுவதே சரி. இதை இரு பிரிவாரும் ஏற்கார்.

கழற்றிய நட்டுகளை அதனதன் போல்ட்டிலேயே மாட்டி வைக்க வேண்டும். நாசிலைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் வைப்பது நல்லது. வைத்த இடத்தை ஒருவருக்கேனும் சொல்லியிருப்பது அதைவிட நல்லது. எது அடைபட்டது, எது வடிக்கப்பட்டது என்று ஒரு சீட்டில் எழுதிக் கைப்பிடியில் கட்டுவது கடைசி வேலை. இல்லையேல் தையில் துணியோடு சைலன்சரும் தண்ணீரில்லாத இன்ஜினும் ஒருங்கே ஸ்டார்ட் செய்யப்படும். சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். மை, கார்த்திகை ஈரத்தைத் தாங்காது.