சதுரகிரிக்கு ஏறுவார், தெருவில் நடக்க மாட்டார்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வ. புதுப்பட்டியில் உடம்புக்காக நடந்தவர் யாருமில்லை. நடக்காமல் இருந்தவரும் இல்லை. விடியுமுன் தூக்குச்சட்டியோடு கிளம்பும் பெண்கள், மேற்கே மலை உச்சியில் முதல் வெயில் விழும்போது நடவு வயலில் குனிந்திருப்பார்கள். வத்திராயிருப்புக்குச் சாமான் வாங்கப் போவதும் நடைதான். என் பெரியம்மா வயலிலிருந்து வந்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போவார். இருட்டியதும் ஆட்டுக்கல்லின் முன் உட்காருவார். ஒரு கை குழவியைச் சுற்றும், மறு கை மாவைத் தள்ளிவிடும். பக்கத்து வீட்டு அத்தையோடு பேச்சு மட்டும் அறாது.

அந்தக் காலத்தை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடுப்பை ஒடித்த உழைப்பு அது. ஒரு நாளாவது காலை நீட்டி உட்கார வேண்டும் என்பதுதான் பெரியம்மாவின் ஆசை. கிரைண்டர் வந்தது, தெருவுக்குக் குழாய் வந்தது, பிள்ளைகள் தலையெடுத்தார்கள். உட்கார்ந்தார். அந்த ஓய்வு அவர் பாடுபட்டுச் சம்பாதித்தது.

கூடவே சுகரும் பிரஷரும் மூட்டு வலியும் வந்து சேர்ந்தன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை இப்போது வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர் பெண் பிரஷர் பார்த்துவிட்டு, “வாக்கிங் போறீகளா பெரியம்மா?” என்று தவறாமல் கேட்கிறார்.

“நடந்த நடையெல்லாம் பத்தாதா தாயி?”

இதைச் சோம்பல் என்று எழுதிவிட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். நடை என்றாலே அவர் மனதில் வருவது கூலி வேலையும் சுமையும்தான். மறுபடி நட என்றால், தப்பித்து வந்த இடத்துக்கே திரும்பிப் போகச் சொல்வதாகப் படுகிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் எடுக்கப்பட்டு 2014இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு ஒன்று, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்றது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. வேலையாகச் செய்தபோது உடம்பு அசைந்தது. வேலை போனதும் அசைவுக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

என் மதினிக்கு வேறு சங்கடம். அவருக்கு நடக்க ஆசை உண்டு, ஒருநாள் காலையில் கிளம்பியும் விட்டார். தெருமுனை தாண்டுவதற்குள் கேள்விகள். “என்ன மதினி, பஸ்ஸ விட்டுட்டீகளா?” “காலங்காத்தால எங்க போறீக, வீட்ல எதுவும் சத்தமா?” கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அக்கறையில்தான் கேட்டார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெண் தெருவில் போனால் போவதற்கு ஒரு காரியம் இருக்க வேண்டும். மறுநாள் மதினி கையில் ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். உள்ளே ஒன்றுமில்லை. கடைக்குப் போவதாகத் தெரிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? அந்த வெறும் பை எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. சில நாளில் நடையே நின்றுபோனது.

இதே பெரியம்மாவும் மதினியும் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறார்கள். தாணிப்பாறையிலிருந்து சுந்தரமகாலிங்கம் சன்னதி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மலைப்பாதை. கல்லும் வேரும் ஓடையும். வழுக்குப்பாறையில் பெரியம்மா கம்பை ஊன்றி, முன்னால் போகும் பெண் கால் வைத்த இடத்தைப் பார்த்து அதே இடத்தில் தன் காலை வைப்பார். தன் வயசுக்காரி ஏறிவிட்டாள், நாமும் ஏறலாம் என்று அவர் முகத்தில் தெரியும். இறங்கி வருகிறவர்கள் எல்லோரும், எந்த இடமானாலும், “இன்னும் கொஞ்ச தூரந்தான் ஆத்தா” என்றே சொல்வார்கள். இரட்டை லிங்கம் தாண்டினால் போன வருஷம் இங்கே உட்கார்ந்த ஞாபகம் வரும். அதுவே அடுத்த அடிக்குத் தெம்பு. அங்கே யாரும் அவரை எதற்கு நடக்கிறாய் என்று கேட்பதில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல், என்னால் முடியும் என்ற நம்பிக்கை எதிலிருந்து பிறக்கிறது என்று எழுதினார். தான் முன்பு செய்து முடித்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், தன் உடம்பும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இந்த நான்கும் சதுரகிரிப் பாதையில் இருக்கின்றன. தெருவில் ஒன்றுகூட இல்லை. மருத்துவர் எழுதித் தரும் ‘தினமும் 30 நிமிடம்’ என்ற வரியிலும் இல்லை.

2007இல் அலியா கிரம், எலன் லாங்கர் இருவரும் அமெரிக்க ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் 84 பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்றுண்டு. நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சி என்று ஒரு பகுதியினரிடம் சொன்னார்கள். நான்கு வாரத்தில் அவர்களுக்கு மட்டும் எடையும் ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தன என்றது ஆய்வு. இந்த முடிவைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அதில் உறைத்தது வேறு: பெரியம்மாவிடம் வாழ்நாளில் யாரும் அப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு முதலில் வேண்டியது துணை. பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் பெண்கள் வீடு வீடாகத் தோழியரை எழுப்பிக் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள். மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகும் பெண்ணை இன்றும் யாரும் எங்கே என்று கேட்பதில்லை. மாத்திரை கொண்டுவரும் அந்தத் தன்னார்வலரிடமே தெருவாரியாகப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஒரு தெருவில் நான்கு பேரைச் சேர்த்துவிடும் பொறுப்பையும் அதற்கான ஊதியத்தையும் அவருக்குக் கொடுக்கலாம்.

மதினி இப்போது மகளிர் குழுவில் இருக்கும் மூன்று பேரோடு கண்மாய்க்கரை வரை போய் வருகிறார். பெரியம்மா, மூட்டுக்கு டாக்டர் சரி சொன்னதும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.