மோவாயைச் சீவிக்கொள்ளப் போகிறவர்களுக்கு

உங்கள் மோவாய் நீளம் என்று முதலில் சொன்னது யார்? கண்ணாடி என்றால் ஓரளவு நம்பலாம். மார்புயரத்தில் பிடித்த செல்போன் என்றால், கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாலே காரியம் முடிந்தது. மயக்க மருந்துச் செலவு மிச்சம். பெண் பார்க்க வந்தவர்கள் என்றால், அவர்களுடைய மோவாய்களையும் ஒருமுறை நோட்டம் விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்து, நீளம் மோவாயிலா, தாடையிலா? ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்துக்குக் கீழ்த்தாடையே முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த புண்ணியம். இரண்டாம் கார்லோஸ் (1661–1700) முறை வந்தபோது மெல்லுவதே பெரும்பாடாகிவிட்டது. அவர் அப்பா நான்காம் பிலிப்பை ஓவியர் வேலாஸ்கெஸ் வரைந்த படங்களைப் பாருங்கள். சம்பளம் கொடுக்கிற ராஜாவின் தாடையை மனுஷன் ஒளிக்கவே இல்லை. இப்படிப்பட்ட முகத்தில் மோவாய் நுனியை மட்டும் சீவி ஒன்றும் ஆகாது. பல்லைக் கடித்துப் பாருங்கள். கீழ்வரிசை மேல்வரிசைக்கு முன்னால் வந்து நின்றால் உங்களுக்கு வேண்டியது வேறு அறுவை, வேறு பில்.

மோவாய்தான் என்று உறுதியானால் சந்தோஷம். மோவாய் எலும்பைக் குறுக்கே அறுக்கும் வெட்டை 1942-இல் ஹோஃபர் என்ற மருத்துவர் ஒரு பிணத்தில் செய்துகாட்டினார். வாய்க்குள்ளிருந்தே எலும்பை எட்டும் வழி 1957-இல் வந்தது. கீழுதட்டின் உட்பக்கம் கிழிப்பதால் வெளியே தழும்பு தெரியாது. அதன்பின் இரண்டு பாதை. ஒன்று, எலும்பின் நுனியைக் கருவி வைத்து ராவித் தள்ளுவது. இன்னொன்று, குறுக்கே அறுத்து நடுவில் ஒரு பட்டையை உருவி, அடித்துண்டை மேலே ஏற்றி டைட்டானியம் தகடும் திருகும் போட்டு முடுக்குவது. ராவுவது சுலபம் என்று அதையே கேட்டு வாங்காதீர்கள். பஞ்சைக் குறைத்தால் தலையணை உறை தொளதொளக்கும் அல்லவா, அதே கதைதான் தோலுக்கும். கீழுதட்டைத் தூக்கிப் பிடிக்கிற மென்டாலிஸ் என்ற தசையைப் பழைய உயரத்தில் இழுத்துத் தைக்காமல் விட்டால் உதடு இறங்கும், கீழ்ப்பல் எந்நேரமும் வெளியே எட்டிப் பார்க்கும், மோவாய்ச் சதை தொங்கும். இதற்கு மருத்துவர்களே வைத்திருக்கும் பெயர் ‘சூனியக்காரி மோவாய்’. விளம்பரத்தில் இந்தப் பெயர் வராது.

நரம்பு ஒன்று இருக்கிறது. கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் உள்ள சிறு பற்களின் அடியில், எலும்பில் ஒரு துளை வழியே வெளியே வருகிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். வெட்டு அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே ஓட வேண்டும். நரம்பு இழுபட்டால் மோவாய் மரத்துப்போகும். தயிர்சாதப் பருக்கை ஒட்டிக்கொண்டிருப்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஆவதில்லை. கையெழுத்துப் போடும் காகிதத்தில் இது பொடி எழுத்தில் இருக்கும்.

மாதிரிக்கு முகம் வேண்டுமென்றால் எல்லாரும் தென் கொரியத் தலைநகர் சியோலின் கங்னம் பக்கம்தான் கை காட்டுவார்கள். தாடை, மோவாய் இரண்டையும் செதுக்கி முகத்தை ‘வி’ எழுத்தாக்குவது அங்கே பெரிய தொழில். ஒரு கிளினிக், வந்தவர்களிடம் அறுத்தெடுத்த எலும்புத் துண்டுகளைக் கண்ணாடித் தூணில் கோபுரமாகக் குவித்து வரவேற்பறையில் வைத்திருந்தது. 2014-இல் அதிகாரிகள் தலையிட்டார்கள்; குற்றம், மருத்துவக் கழிவை முறையாக அப்புறப்படுத்தாதது. அழகின் நிரூபணம் சட்டத்தின் கண்ணில் குப்பை.

இன்னொரு சங்கதியில் கேலிக்கு இடமில்லை. 2016-இல் சியோலில் தாடை அறுவைக்குப் போன ஓர் இளைஞர் ரத்தம் கொட்டி இறந்தார். அறுவையைத் தானே செய்வதாகச் சொன்ன மருத்துவர் பாதியில் வெளியேறியதை அவர் அம்மா கேமரா பதிவில் கண்டார், விடாமல் போராடினார். மயக்கத்தில் செய்யும் அறுவைகளை நோயாளி கேட்டால் பதிவு செய்ய வேண்டும் என்று 2021-இல் தென் கொரியாவில் சட்டம் நிறைவேறி, 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஆகவே ஆலோசனை அறையில் ஏசி எப்படி, காபி எப்படி என்று பார்த்தது போதும். ரம்பம் பிடிப்பது யார், கடைசித் தையல் வரை உள்ளே நிற்பது யார், ரத்தம் நிற்காவிட்டால் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

முடிந்தபின் சில நாள் கஞ்சி, ஜூஸ். முகம் பூசணிக்காயாகும். முழு வீக்கமும் வடிந்து புது வடிவம் தெரிய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் ஒரு கல்யாணம் வரும். அத்தை உற்றுப் பார்த்து, “ஏண்டி இப்படி இளைச்சுப்போயிட்டே, வீட்ல சரியாப் போடறதில்லையா?” என்பார். பதிலுக்கு மோவாயைத் தோளில் இடித்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளவும். திருகு போட்ட இடம்.