கம்பி நீட்டாமல் பதில்கள்

போன இதழில் ‘கிட்டார் என்பது மேற்கத்திய வியாதி’ என்று ஒரு பெரியவர் எழுதிய கடிதத்தைப் போட்டாலும் போட்டோம், கறுப்புச் சட்டை மெட்டல் ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கேள்விகளை அனுப்பிவிட்டார்கள். ஆகவே இந்த வாரம் முழுக்க ஹெவி மெட்டல். மெல்லிசைப் பிரியர்கள் நேராக ராசிபலனுக்குப் போகலாம்.

கிட்டார் வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்தக் கம்பெனி நல்லது?
– புதுக்கை, கீரனூர்

பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். கேட்கப் போகிறவர் அவர்தான்.

எங்கள் செட்டில் தினமும் சண்டை. ஏழு கம்பி கிட்டாரே தாராளம் என்கிறான் ஒருவன். எட்டுக் கம்பி இல்லாமல் மெட்டலே இல்லை என்கிறேன் நான். தீர்ப்புச் சொல்லுங்கள்.
– எட்டாம் கம்பி, ஆலங்குடி

அடடா, இந்தக் கேள்விக்காகத்தானே காத்துக்கொண்டிருந்தேன்!

உங்கள் கணக்குப்படி இந்தச் சண்டை எப்போது ஆரம்பித்தது? 1990இல் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் கம்பெனி ஏழு கம்பி கிட்டார் போட்டது. 1994இல் கார்ன் என்ற கோஷ்டி அதை வைத்துக்கொண்டு உறுமியது. பிறகு ஸ்வீடனிலிருந்து மெஷுகா வந்து ‘ஏழு போதாது’ என்றது. 2007இல் ஐபனெஸே எட்டுக் கம்பியைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. அன்று முதல் உலகமெங்கும் இளைஞர்கள் சோறு தண்ணி இல்லாமல் அடித்துக்கொள்கிறார்கள்.

ஆலங்குடிக்காரரே, நீங்களும் அதில் சேரலாமா? பஸ் பிடித்து அன்னவாசல் பக்கம் போங்கள். குடுமியான்மலையில் இறங்குங்கள். சிகாநாதர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் செல்ஃபி எடுக்காமல் பின்பக்கம் நடந்தால் மேலைக்கோயில் குடைவரை. அதை ஒட்டிய பாறைச் சரிவில் சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில் பல்லவ கிரந்த எழுத்தில் வரிவரியாகச் சுரங்கள் செதுக்கியிருக்கிறது. வயது சுமார் 1,300 வருஷம். ஏழு பகுதி, பகுதிக்கு ஒரு பண். கடைசியில் சமஸ்கிருதத்தில் ஒரு கையெழுத்து: ருத்ராசாரியாரின் சீடனான ஓர் அரசன், கற்பவர்களின் நன்மைக்காகச் செய்தது. அந்த அரசன் மகேந்திரவர்ம பல்லவன் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. அதற்கும் கீழே, ‘நானும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்’ என்பதுபோல் தமிழில் ஒரு குறிப்பு. அது சொல்வது இதுதான்: இவை எட்டுக்கும் பொருந்தும், ஏழுக்கும் பொருந்தும்.

எட்டுக்கும்! ஏழுக்கும்!

பாறையில் உளி வைத்து வெட்டியிருக்கிறார்கள் ஐயா. இதைக் கம்பி எண்ணிக்கை என்று படிக்கிறவர்கள் பரிவாதினி என்ற வீணையைக் கைகாட்டுகிறார்கள். அந்தப் பெயர் நம் திருமயம் குடைவரையிலும் வெட்டப்பட்டிருக்கிறது. அமரகோசத்தைப் புரட்டினால் பரிவாதினிக்கு ஏழு தந்தி. குடுமியான்மலைக்காரரோ எட்டையும் சேர்த்துக்கொள்கிறார். அநேகமாக அன்றைக்கும் ஆலங்குடிப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்து அரசனின் உயிரை வாங்கியிருப்பார்கள்; தொல்லை தாங்காமல் ‘ரெண்டுக்கும் சரிடா, போங்கடா’ என்று எழுதி முடித்துவிட்டார் என்பது என் சொந்த ஆராய்ச்சி. தீர்ப்பும் அதேதான். மேல்முறையீடு கிடையாது, கல்வெட்டு.

டவுன்லோடு செய்கிற டேப் எல்லாமே தப்பாக இருக்கிறது. போட்டவன் ட்யூனிங்கைக்கூடக் குறிப்பிடுவதில்லை. இவர்களை என்ன செய்யலாம்?
– டிராப் டி, பொன்னமராவதி

முந்தைய பதிலில் வந்த அரசரையே ஒன்றும் செய்ய முடியவில்லை, இவர்களை என்ன செய்வது? டேப் என்றால் வாசிப்புக் குறிப்புதானே; குடுமியான்மலையில் இருப்பதும் டேப்தான். நான்கு நான்கு சுரமாகக் கட்டிவைத்திருக்கிறது. ‘ர’ என்றால் வெறும் ‘ர’ இல்லை; ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறிக்கொண்டே வருகிறது. சில எழுத்துக்குத் தலையில் புள்ளி வேறு. உயிர் மாறினால் விரல் மாறுமா, சுருதி மாறுமா, புள்ளி வைத்தால் என்ன ஆகும்? விளக்கம் இல்லை. பண்டார்கர் என்ற அறிஞர் ‘எபிகிராபியா இண்டிகா’ 12ஆம் தொகுதியில் பதிப்பித்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அறிஞர்கள் இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். கற்பவர்களின் நன்மைக்காகவாம்!

உலகிலேயே வேகமான கிட்டாரிஸ்ட் யார்?
– மின்னல், விராலிமலை

வாடகை கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் தாண்டியவர்.

பையன் பிளஸ் டூ. கறுப்புச் சட்டை, அதில் மண்டையோடு, அறையில் ராட்சசப் படம், நாள் முழுக்க அலறல். பார்க்கவே பயமாக இருக்கிறது. யார் பெண் கொடுப்பார்கள்?
– கவலைப்படும் தகப்பன், கீரமங்கலம்

கீரமங்கலத்தில் குடியிருந்துகொண்டு பயமா? உங்கள் ஊருக்குப் பக்கத்துக் குளமங்கலம் அய்யனாருக்கு முன்னால் 33 அடிக் குதிரை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே, மாசி மகத்துக்கு மாலை போடும்போது பயந்தீர்களா? நம் ஜில்லாவில் எந்தக் கண்மாய்க்கரையில் இறங்கினாலும் உருட்டு விழியும் முறுக்கு மீசையும் ஓங்கிய அரிவாளுமாகக் கருப்பர் நிற்கிறார். அவர் பெயரைத்தானே முதல் பிள்ளைக்கு வைக்கிறோம்? பையன் அறையில் இருக்கிற ராட்சசன் பெரும்பாலும் எட்டி என்பவனாக இருப்பான். அயர்ன் மெய்டன் கோஷ்டியின் குலதெய்வம். கருப்பருக்கு முன்னால் அவன் எல்.கே.ஜி.

ஒன்று செய்யுங்கள். ஒருநாள் உள்ளே போய் உட்கார்ந்து ‘இதில் உனக்குப் பிடித்த பாட்டு எதுப்பா?’ என்று கேளுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள். பெண் கொடுக்கிற விஷயம் பிறகு. முதலில் பிளஸ் டூ.

இரண்டே சுரத்தை வாசித்துவிட்டு அதைப் ‘பவர் கார்டு’ என்று பீற்றிக்கொள்கிறார்களே, வெட்கமாக இல்லையா?
– வீணை டீச்சர், புதுக்கோட்டை

டீச்சர், கோபப்படாதீர்கள். அந்த இரண்டு சுரம் எது என்று பார்த்தீர்களா? ச, ப. மேல் ச-வையும் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் தம்புரா காலங்காலமாக மீட்டிக்கொண்டிருப்பதைத்தான் அந்தப் பையன்கள் ஆம்பை முறுக்கிவைத்து மீட்டுகிறார்கள். காரணமும் இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்டால் ஒவ்வொரு சுரமும் தன் மேல் சுரங்களையெல்லாம் கிளப்பிவிடும். போதாததற்கு இரண்டும் கலந்து புதுப்புது ஒலிகளைப் பெற்றுப்போடும். ச-வும் ப-வும் 2க்கு 3 என்ற கணக்கில் இருப்பதால் பிறப்பதெல்லாம் ஒழுங்காக வரிசையில் உட்காரும். நடுவில் ஒரு காந்தாரத்தைச் சேருங்கள், சந்தைக்கடை. அதனால் விட்டுவிட்டார்கள். ச-ப-வை வைத்துக்கொண்டு 50 வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவர்களை நீங்கள் சீடர்களாக ஏற்றுக்கொள்வதுதான் நியாயம். ஃபீஸை மட்டும் முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

நான் இடதுகைப் பழக்கம். கடைக்காரர் ‘வலதுக்கு மாறிக்கொள்ளம்மா, இடது கிட்டார் கிடைக்காது’ என்கிறார். மாறட்டுமா?
– இடக்கை, திருமயம்

மாறாதீர்கள். கிட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட, மாறாதவர்களைப் பற்றி அதிகம் தெரியும்.

பழனி சுப்பிரமணிய பிள்ளை. புதுக்கோட்டை மிருதங்கப் பாணியின் பெரிய பெயர், இடதுகைக்காரர். மேடையில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது வழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும். இடதுகைக்காரர் வந்தால் இரண்டும் இடம் மாற வேண்டும். ‘நான் ஏன் மாற வேண்டும்?’ என்று வயலின்காரர்கள் முறுக்கிக்கொண்ட காலம் அது. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைக் கைதூக்கிவிட்டுத் தன்னுடன் மேடையேற்றினார். பிறகு இடம் தன்னாலே நகர்ந்தது.

அடுத்தவர் டோனி அயோமி. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம். பிளாக் சப்பாத்தின் கிட்டாரிஸ்ட், ஹெவி மெட்டலின் தகப்பன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவரும் இடது. 17 வயதில் தகரப் பட்டறையில் வேலை. வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளில் எந்திரம் வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை வெட்டிக்கொண்டு போய்விட்டது. இடதுகைக்காரருக்குத் தந்தியை அழுத்துவது வலக்கை. ‘இனி வாசிக்க முடியாது’ என்றார்கள். பட்டறை மேஸ்திரி ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டார்: ஜாங்கோ ரைன்ஹார்ட், தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்த மேதை. அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செய்தார், மேலே தோல் ஒட்டினார். நம்மூர்த் தவில்காரர் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்து விரலில் மாட்டுகிறாரே கூடு, கிட்டத்தட்ட அது. வலிக்காமலிருக்க மெல்லிய தந்தி போட்டார். பிற்பாடு தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் ஒன்றரைச் சுரம் கீழே. உங்கள் செட்டுக்காரர்கள் ‘கனமாக இருக்கணும், இறக்கு இறக்கு’ என்று சுருதியை இறக்கி அலைகிறார்களே, அதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டதில் அந்த வெட்டுப்பட்ட விரல்களுக்கும் பங்கு உண்டு.

கடைக்காரரிடம் சொல்லுங்கள், ஆர்டர் போட்டு வரவழைக்கச் சொல்லி. முடியாது என்றால் திருச்சிக்குப் போகிறேன் என்று மிரட்டுங்கள். எனக்குத் திருச்சி பிடிக்காது. ஆனாலும் அவசரத்துக்கு உதவும்.

ஒரு பேண்டில் மூன்று கிட்டார் எதற்கு?
– சிக்கனம், இலுப்பூர்

அயர்ன் மெய்டனில் 1999 முதல் மூன்று. காஞ்சிபுரம் நாயினா பிள்ளை கச்சேரியில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியப் படையே உட்காரும். ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பெயர். அதில் நம் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையும் உண்டு. அத்தனையையும் மீறிப் பாடுகிற தொண்டை நாயினா பிள்ளைக்கு இருந்தது. மூன்றெல்லாம் சில்லறை.

திருச்சியில் ராக் கச்சேரி பார்க்கிறோம். உங்கள் புதுக்கோட்டையில் ஒரு மெட்டல் சத்தமாவது கேட்டதுண்டா?
– மலைக்கோட்டை மைந்தன், திருச்சி

சாயங்காலம் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். திருச்சி தனியார் பஸ் இரண்டு ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கும். டிக்கெட் இல்லை.

வம்புக்கு இழுத்துவிட்டீர்கள், இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கஞ்சிரா என்று ஒரு வாத்தியம். பஜனையில் தட்டிக்கொண்டிருந்த அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அரண்மனையில் விளக்கு வேலை பார்த்தவர் என்பார்கள். அந்தக் கஞ்சிரா எங்கே போய் உட்கார்ந்தது? ஜான் மெக்லாக்லின் கிட்டாருக்குப் பக்கத்தில், ‘சக்தி’ குழுவில், செல்வகணேஷ் கையில். 2024இல் கிராமியும் வாங்கிவிட்டது. கிட்டார் உலகத்துக்குப் புதுக்கோட்டை அனுப்பிய பிரதிநிதி அது. திருச்சி யாரை அனுப்பியது?

தமிழர்கள் மெட்டல் பேண்ட் நடத்தியதுண்டா?
– வேர்தேடி, கந்தர்வகோட்டை

சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ‘ருத்ரா’. கதிர் என்பவர் பாஸ் கிட்டாருடன் பாடுகிறார். உபநிடத வேதாந்தத்தை உறுமலில் சொல்கிறார்கள். குடுமியான்மலை அரசரின் வாத்தியார் பெயர் ருத்ராசாரியார் என்று மேலே சொன்னேன் அல்லவா? சம்பந்தம் கிடையாது. ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

எங்கள் தோப்புப் பலா மரத்தில் கிட்டார் செய்யலாமா?
– முக்கனி, வடகாடு

வீணையே பலாவில்தான், மிருதங்கமும் பலா. கிட்டார் மட்டும் என்ன உசத்தி? 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கம் சாய்த்த பலாக்களில் எத்தனை விறகாகப் போனதோ என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. செய்யுங்கள். நன்றாகக் காயட்டும், அவசரப்படாதீர்கள். ஈர மரம் வளைந்துவிடும். கழுத்தில் மாட்டினால் கனக்கும். ஹெவியாக இருக்கட்டும் என்றுதானே ஆசைப்பட்டீர்கள்?

தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது. என்ன செய்ய?
– சுளுக்கு, கறம்பக்குடி

நார்த்தாமலையில் சாமியாடுகிறவரைக் கவனியுங்கள். இடுப்பிலிருந்து ஆடுவார். உங்களுக்கு வேப்பிலை ஒன்றுதான் பாக்கி.

வீட்டு மாடியில் நான்கு பேர் பயிற்சி செய்கிறோம். முடிந்த பிறகு ராத்திரி முழுக்கக் காதில் ‘கொய்ங்’ என்று கேட்கிறது. காலையில் சரியாகிவிடும். போன வாரம் இரண்டு நாள் நீடித்தது. நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், அறந்தாங்கி

தம்பி, இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்காதில் மயிரிழைபோன்ற செல்கள் இருக்கின்றன, ஒரு காதுக்குச் சுமார் 15,000. ஒலியை நரம்புக்குச் சொல்வது அவைதான். பெருஞ்சத்தத்தில் அவை களைத்துச் சாய்கின்றன. அந்தக் ‘கொய்ங்’ அவற்றின் முறையீடு. கொஞ்சம் சாய்ந்தால் மறுநாள் நிமிரும். திரும்பத் திரும்ப அடித்தால் செத்துவிடும். செத்தது மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. இரண்டு நாள் நீடித்தது என்கிறீர்களே, அது எச்சரிக்கை.

கணக்கு இப்படி: 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம். மூடிய மாடியறையில் டிரம்ஸும் இரண்டு ஆம்பும் ஓடினால் நூறைச் சாதாரணமாகத் தாண்டும். பஞ்சு வைத்தால் போதாது. மருந்துக்கடையில் நுரை அடைப்பான் மலிவாகக் கிடைக்கும். உருட்டி உள்ளே விட்டு விரியும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். ஆம்பைக் காதுக்கு நேராக வைக்காதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து டீ குடியுங்கள். மெட்டாலிகாவின் டிரம்ஸ்காரர் லார்ஸ் உல்ரிக்குக்கு இந்த இரைச்சல் நிரந்தரமாகிவிட்டது; அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். ஒரு காது திடீரென்று மந்தமானால் நாள் கடத்தக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். சிரித்த நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எனக்கு ஒரே ஒரு ரிஃப் மட்டும்தான் வாசிக்க வரும். அடுத்த வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் ஒரு மணி நேரம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.
– ஒற்றை ரிஃப், அன்னவாசல்

பந்தி ஆரம்பித்த பிறகு மேடையேறுங்கள். புரோட்டாவும் முட்டைமாஸும் சூடாக இருக்கிறவரை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். மாப்பிள்ளை வீட்டார் திருச்சியா என்று மட்டும் விசாரித்துவிடுங்கள். திருச்சி என்றால் ரிஃப்கூட வேண்டாம், ட்யூன் செய்வதுபோலவே ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம்.