கண்ட்ரோல்-சி இருமுறை தட்டப்படுவது ஏன்? ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: ஓடும் நிரலை நிறுத்த கண்ட்ரோல்-சி தட்டுகிறோம். சிலபோது அது நிற்பதில்லை; மறுபடி தட்டினால் நின்றுவிடுகிறது. லிஃப்ட் பொத்தானை ஐந்து முறை அமுக்கும் அவசரப் புத்தியே இரண்டாம் தட்டுக்கும் காரணம் என்பார் உளர். அக்கொள்கை எப்போதும் பொருந்தாது என நிறுவுவதே இங்கு நோக்கம்.

நூற்பா:
பார்த்தபின் படுக்கும்முன் வந்த சமிக்ஞை
வாராச் சமிக்ஞை ஆகும் என்ப.

உரை: நிகழ்வுச் சுழலில் ஓடும் நிரலுக்கு இரண்டு வேலை. ‘நிற்கச் சொன்னார்களா?’ என்று ஃப்ளாக் என்னும் கொடியைப் பார்ப்பது ஒன்று; கொடி ஏறவில்லையெனில், ஏதேனும் வரும்வரை காத்திருக்கும் செலக்ட் அழைப்பில் படுத்துவிடுவது மற்றொன்று. கண்ட்ரோல்-சி தட்டினால் சிக்இன்ட் என்னும் 2ஆம் எண் சமிக்ஞை வரும்; அதன் கையாளி கொடியை ஏற்றிவிட்டுப் போகும். தூங்கும்போது வந்தால் தூக்கம் கலையும், நலம். கொடியைப் பார்த்து முடித்து, இன்னும் கண்ணயராத இடைவெளியில் வந்தாலோ, கொடி பறக்கும். பார்க்க வேண்டியவர் குறட்டை விடுவார்.

தடை: அவ்விடைவெளி மிகச் சிறிதன்றோ?
விடை: கொசு நுழையக் கதவு முழுதும் திறந்திருக்க வேண்டுமோ?

தடை: படுக்குமுன் இன்னொருமுறை பார்த்துக்கொண்டால்?
விடை: அந்தப் பார்வைக்கும் படுக்கைக்கும் நடுவிலும் ஓர் இடைவெளி உண்டு.

பரிகாரம்: 1990 வாக்கில் டி. ஜே. பெர்ன்ஸ்டைன் என்னும் நிரலர் ஒரு வழி கண்டார். நிரல் தனக்கென பைப் என்னும் ஒரு குழாய் வைத்துக்கொள்ளும். கையாளி அதில் ஒரு பைட் போடும். செலக்ட் அந்த பைப்பையும் கவனிக்கும். கொடியை எவரேனும் பார்க்க வேண்டும். பைட்டோ படுத்தவுடன் முதுகில் உறுத்தும். சமிக்ஞைகளை முதலில் தடுத்து வைத்து, தடை நீக்குவதையும் படுப்பதையும் பிரிக்கவொண்ணா ஒரே செயலாக்கும் பிசெலக்ட் மற்றொரு வழி. லினக்ஸ் கெர்னல் 2006இல், 2.6.16 பதிப்பில்தான் இதைப் பெற்றது. அதற்குமுன் ஜிலிப்சி என்னும் நிரல் நூலகம் அதே பெயரில் வழங்கியதோ, தடையை நீக்கிவிட்டு அப்புறம் செலக்டை அழைத்தது. மருந்துக் குப்பிக்குள் நோயே இருந்தது.

முடிபு: முதல் தட்டு வந்தபோது நிரல் விழித்திருந்தது, அதனால் காதில் விழவில்லை. இரண்டாம் தட்டு வரும்போது உறங்கிவிட்டது, அதனால் எழுந்தது. எழுந்து பார்த்தால், முதல் தட்டு ஏற்றிய கொடி. ஆகவே இரண்டாம் தட்டு, நிரலர் விட்ட பிழைக்கு விரல் செய்யும் திருத்தம்.

மூன்றாம் தட்டு இவ்வாய்வில் அடங்காது. அது வெறும் கோபம்.