பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு நாற்காலி

திண்டுக்கல்லில் எந்த வீட்டில் பால் காய்ச்சினாலும், வந்தவர்களில் ஒருவர் ஹாலின் நடுவில் நின்று படீரென்று ஒருமுறை கை தட்டுவார். காக்கா விரட்டவில்லை. அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்கிறார். "எக்கோ ஜாஸ்தி மாப்ள. டைல்ஸ ஒட்டிக் கெடுத்துட்டீங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மொய்க்கவரை எடுப்பார். அவர்தான் ஹோம் தியேட்டர் அண்ணன்.

ஆர்.எம். காலனியிலும் இருப்பார், நாகல் நகரிலும் இருப்பார். பூட்டுக்கடை, தோல் வியாபாரம், பேங்க் வேலை என்று பிழைப்பு எதுவாகவும் இருக்கலாம். மாடியில், பையன் படிக்க என்று கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று மட்டும் கட்டாயம் இருக்கும். பையன் இப்போது மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறான்.

அண்ணனுக்கு வருஷக் கணக்கெல்லாம் சத்தத்தில்தான். கல்யாணம் எப்போது என்று கேட்டால், "1995. 'குருதிப்புனல்' டால்பி எஸ்.ஆர்.ல வந்துச்சுல்ல, அந்த வருஷம்" என்பார். கடைக்குட்டி பிறந்தது 2012. அதாவது 'சிவாஜி' 3டியில் திரும்ப வந்து அட்மாஸ் கேட்ட வருஷம். குடும்பத்தோடு மலைக்கோட்டை ஏறினால் மற்றவர்கள் ஊரைப் பார்ப்பார்கள். இவர் வெடிமருந்துக் கிடங்கின் சுவரைத் தட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "1605ல நாயக்கர் கட்டுன கோட்டை. உள்ள சப்-ஊஃபர் வெச்சா ஒரு பொட்டுச் சத்தம் வெளிய போகாது."

திரை வாங்கும் படலம் தனி. மனசு 120 இஞ்சில் நிற்கும். அதன் அகலமே எட்டே முக்கால் அடி, சுவரோ பத்தடி. மிச்சமிருக்கும் ஒன்றேகால் அடியை இரண்டாகப் பிரித்தால் ஸ்பீக்கர் ஒருக்களித்துத்தான் நிற்க வேண்டும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு 100 இஞ்சுக்கு இறங்குவார். அதற்கு நாற்காலி பத்தடி தள்ளி இருந்தால் திரை கண்ணுக்கு 40 டிகிரி அகலம் காட்டும், அருமை. ஆனால் இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து ஆளுக்கு 30 டிகிரி விலகி நிற்க வேண்டும் என்பது விதி. பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து அளந்தால், அந்த அறையில் அதற்கு நாற்காலி ஏழரை அடியில் இருக்க வேண்டும் என்று வருகிறது. கண்ணுக்குப் பத்து, காதுக்கு ஏழரை. அன்றைக்குப் பிடித்த ஏழரை, சனீஸ்வரனே வந்து சொன்னாலும் விடாது. நாற்காலி இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும். தரையெல்லாம் சாக்பீஸ் கோடு.

பிறகு சுவர். எதிரொலியைக் குடிக்க வேடசந்தூர்ப் பக்கத்து மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு வந்து இறங்கும். பஞ்சை மூடச் சத்தத்தைத் தடுக்காத துணி வேண்டுமே? ஊதினால் காற்று மறுபக்கம் போகிற துணியாக இருக்க வேண்டும். அண்ணன் சின்னாளபட்டிக்கே போய்விட்டார். கடைக்காரர் சுங்குடிச் சேலைகளை ஒவ்வொன்றாக விரிக்க, இவர் ஒவ்வொன்றையும் வாயில் ஒத்தி உஃப், உஃப் என்று ஊதுகிறார். "சாயம் போகாதுண்ணே" என்கிறார் கடைக்காரர், பாவம். மூன்று சேலை வாங்கி வந்தார். மதனி ஆசையாகப் பிரித்துப் பார்த்தது. மறுநாள் மூன்றும் சட்டத்தில் ஆணியடித்துச் சுவரில் ஏறிவிட்டன.

உச்சக் காட்சி சப்-ஊஃபர். பத்தடி இடைவெளி 56 ஹெர்ட்ஸையும், பன்னிரண்டு அடி 47 ஹெர்ட்ஸையும் பிடித்துக்கொண்டு உலுக்கும். ஓரிடத்தில் நெஞ்சில் இடிக்கிற சத்தம், மூன்றடி தள்ளினால் காணாமல் போய்விடும். அதனால் நல்ல இடம் தேட ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பெட்டியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மனுஷன் சுவரோரமாகத் தவழ்ந்து கேட்க வேண்டும். ராத்திரி பதினோரு மணி. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் நாலு காலில் தவழ்கிறார். நாற்காலியில் பெட்டி கும் கும் என்கிறது. தண்ணி குடிக்க எழுந்து வந்த அப்பத்தா வாசலில் நின்று, "ஏன்டா, என்னத்தடா தொலைச்ச?" என்றது. தொலைத்ததைச் சொல்லவா முடியும்? விலைச்சீட்டுப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

தவழ்ந்து கண்டுபிடித்த நல்ல இடம் ஈசானி மூலை. அங்கே சாமிப்படம். கனமான பொருளை அங்கே வைக்கக் கூடாது என்று மாமனார் சொல்லிப் பார்த்தார். "மாமா, பேஸுக்கு வாஸ்து கெடையாது." சாமி எதிர்ச் சுவருக்குப் போனார்.

கதவுக்கு மாங்காய்ப் பூட்டு, 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ப் பூட்டு. திருடனுக்காக அல்ல, பேரன் பேத்திகளுக்காக. படத்தில் குண்டு வெடித்தால் நாதாங்கியில் தொங்கும் பூட்டும் கடகடவென்று சேர்ந்து வெடித்தது. அதற்கும் துணி சுற்றியாயிற்று.

இத்தனைக்கும் அந்த அறையில் முழுப் படம் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஹெலிகாப்டர் இடமிருந்து வலம் பறக்கும் நாலு நிமிஷம் ஓடும், நிறுத்துவார், "கேட்டீங்களா?" என்பார். ஆறு பேர் போனால் ஐந்து பேரிடம், "நீங்க இருக்கற இடம் சரியில்ல, தப்பா நெனைக்காதீங்க" என்று மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். கணக்கெல்லாம் கூடி வருவது அந்த ஒற்றை நாற்காலியில்தானே. அதில் அப்பத்தா தூங்குகிறது. கீழே உட்கார முட்டி மடங்காது. குடும்பம் முழுப் படம் பார்ப்பது கீழே ஹாலில், டிவியில், எக்கோவோடு.

உங்களையும் ஒருநாள் கூப்பிடுவார். போய்விட்டு வாருங்கள், பிரியாணிக்குச் சொல்லியிருப்பார், அதில் குறை இருக்காது. "பேஸ் எப்படிண்ணே?" என்று கேட்டால், "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். "எடது பக்கம் லேசா தூக்கலோ?" என்று மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதீர்கள். கொத்தனார் மறுநாள் காலையிலேயே வந்துவிடுவார்.