பழைய ஆங்கிலத்தில் பந்தா காட்டுவது எப்படி?

பேச்சிலும் எழுத்திலும் ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் ஜொலிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். ஏற்கெனவே தொடங்கியும் விட்டீர்கள்; மேலாளரின் பிரிவு உபசார விழாவில் நீங்கள் வாசித்த மடலைக் கேட்டேன். அடித்தளம் பிரமாதம். மிச்சத்தை முறைப்படி கெடுத்துக்கொள்வோம். வீட்டில் அகராதி இருந்தால் பரணில் ஏற்றுங்கள்.

1. கண்ணில் பட்ட வினைச்சொல்லுக்கெல்லாம் 'எத்' மாட்டுங்கள். ஐ கோயெத். யூ கமெத். வீ ஈட்டெத். அவன், அவள், அது என்ற படர்க்கை ஒருமைக்கு மட்டும் வந்த விகுதி அது என்று யாராவது முனகுவார்கள். தமிழில் ஒருவர் 'நான் வந்தான்' என்றால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கம்பீரம் என்று பெயர்.

2. மரியாதைக்குரியவர்களை 'தௌ' என்று விளியுங்கள். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் கடவுளையே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், உங்கள் எம்.டி.க்கு என்ன குறைச்சல்? அது நம்முடைய 'நீ' என்பதை மட்டும் விசாரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் பெரியவர்களுக்கு 'யூ', நெருங்கியவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் 'தௌ'. 1603இல் ராஜத்துரோக வழக்கில் நின்ற வால்டர் ராலேயை, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் வேண்டுமென்றே 'தௌ' போட்டு அவமானப்படுத்தினார். 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில், சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப்போகும் ஆண்ட்ரூவுக்கு டோபி தரும் யோசனைகளில் ஒன்று, எதிராளியை மூன்று தடவையாவது ஒருமையில் ஏசு என்பது. குவேக்கர்கள் நீதிபதி உள்பட எல்லோரையும் 'தௌ' என்றார்கள், உதை வாங்கினார்கள். அவர்களாவது தெரிந்து செய்தார்கள். நீங்கள் மடலில் பதினைந்து இடத்தில் போடுங்கள்.

3. பழைய நூலை இன்றைய அர்த்தத்தில் படியுங்கள். பார்த்த முகமாக இருக்கும் சொல்லை எதற்குச் சந்தேகிப்பது? அதே பைபிளில் ஏரோதியாளின் மகள், யோவான்ஸ்நானனின் தலையைத் தட்டில் வைத்து 'பை அண்ட் பை' தரும்படி கேட்கிறாள். கேட்பதற்கு நெல்லைப் பக்கத்துப் 'பையப் பைய' மாதிரியே இருக்கிறது, இன்றைய ஆங்கிலத்திலும் அவசரமில்லை என்ற தொனிதான். ஆகவே பெண் நிதானமானவள், ஏரோதுக்கு யோசிக்க அவகாசம் கொடுத்தாள் என்று பிரசங்கம் செய்யுங்கள். அன்றைக்கு அதற்கு 'இப்போதே, இந்த நிமிஷமே' என்று பொருள். தலை உடனே வந்துவிட்டது.

பயிற்சிக்கு உங்கள் பாஸ்போர்ட்டையே எடுங்கள். 'லெட்' இல்லாமல் இவரைப் போகவிடுங்கள் என்று ஜனாதிபதியின் பெயரால் அச்சிட்டிருக்கிறது. இந்த 'லெட்' தடை என்ற பொருள் கொண்ட பழைய சொல். நீங்கள் அதை அனுமதி என்று வாசித்து, 'அனுமதியில்லாமல் போக எனக்கு ஜனாதிபதியே சொல்லியிருக்கிறார்' என்று குடியேற்ற அதிகாரியிடம் வாதாடுங்கள். அங்கே உட்கார நாற்காலி தருவார்கள். நெடுநேரம் தருவார்கள்.

4. அடுத்தவர் இன்றைய அர்த்தத்தில் பேசினால், உடனே பழைய அர்த்தத்தைக் காட்டித் திருத்துங்கள். மூன்றாம் படிக்கு இது நேர்முரண். அதனால் என்ன? பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அத்தை 'பையன் ரொம்ப நைஸ்' என்கிறார். கேசரித் தட்டைக் கீழே வையுங்கள். தொண்டையைச் செருமுங்கள். 'அத்தை, அந்தச் சொல் அறியாதவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது மடையன் என்றுதான் அர்த்தம்' என்று விளக்குங்கள். பக்கத்து அறையில் யாரோ 'சில்லி' என்று முணுமுணுத்தால் எழுந்து நின்று நன்றி சொல்லுங்கள். அதன் ஆதிப் பொருள் பாக்கியசாலி. கூடவே, 'கேர்ள்' என்பது ஒரு காலத்தில் ஆண் குழந்தைக்கும் பொதுவான சொல் என்பதையும் பெண்ணிடமே சொல்லிவிடுங்கள். பஜ்ஜி வராது.

5. கதை சொல்லுங்கள். கிறிஸ்டோஃபர் ரென் எழுப்பிய லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்த மன்னர் 'ஆஃபுல், ஆர்ட்டிஃபிஷியல், அம்யூசிங்' என்று பாராட்டினாராம், அன்றைக்கு மூன்றுமே புகழ்மொழியாம். சொற்களின் பழைய பொருள் உண்மைதான். மன்னர்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறார்: ஒருவர் இரண்டாம் சார்லஸ் என்கிறார், இன்னொருவர் இரண்டாம் ஜேம்ஸ், வேறொருவர் ஆன் ராணி. உங்களுக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுங்கள். ஆதாரம் கேட்பவர்களை இனி விருந்துக்கு அழைக்காதீர்கள்.

6. கடை வைத்திருந்தால் பலகையில் 'யீ ஓல்ட்' என்று எழுதி, எழுதியபடியே உச்சரியுங்கள். அந்த முதல் எழுத்து 'தோர்ன்' என்ற பழைய எழுத்துக்குப் பதிலாக அச்சுக்காரர்கள் போட்ட 'ஒய்'. படிக்க வேண்டியது சாதாரண 'தி'. உங்களுக்கு வேண்டாம். வருகிறவர்கள் 'ஈ ஓட்டும் டீக்கடை' என்று படித்தாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

7. இவ்வளவும் கைவந்தபின், இல்லாத சொல்லை உருவாக்குங்கள். மலைக்க வேண்டாம், முன்னோடி இருக்கிறது. அடர்த்தி என்பதற்கான 'டென்சிட்டி'யைச் சுருக்கிப் பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' என்று எழுதலாம் என ஒரு துண்டுச் சீட்டு வெப்ஸ்டர் அகராதி அலுவலகத்தில் கிடந்தது. யாரோ அந்த 'டி ஆர் டி'யின் எழுத்துகளை ஒட்டிப் படித்தார்கள். 1934 பதிப்பில் 'டோர்ட்' என்ற பெயர்ச்சொல் அடர்த்தி என்ற பொருளோடு, உச்சரிப்புக் குறிப்பும் சேர்ந்து ஏறிவிட்டது. வேர்ச்சொல் எங்கே என்று ஓர் ஆசிரியர் தேடியதே 1939இல்தான். உங்கள் மடலில் அதைவிடத் தரமான சரக்கு நிறைய இருக்கிறது. துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். கையெழுத்து மட்டும் புரியாதபடி இருக்கட்டும்.